படத்தின் கீழே எவருடைய பெயர்?

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் பித்தளைச் சுருள் அணிந்த ஒரு தாய். மடியில் ஒரு குழந்தை. பின்னால் மூங்கில் தட்டி, சில வேளை ஒரு தறி. பயணச் சஞ்சிகைகளின் அட்டையில், கலண்டர்களில், பல் வைத்தியரின் காத்திருப்பு அறைச் சுவரில் இது இருக்கும். எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், எடுத்த ஆண்டுகளும் வேறு. ஆனாலும் படம் ஒன்றுதான். கீழே எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: நீள்கழுத்துப் பெண்ணும் குழந்தையும், வட தாய்லாந்து. அதற்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், ஒரு பெயர் இருக்கும். அது படமெடுத்தவருடைய பெயர்.

ஒரு கவிதையை விமர்சிக்கும்போது அதில் என்ன சொல்லப்படவில்லை என்றும் நாம் கேட்கிறோம். புகைப்படத்தை மட்டும் ஏன் அப்படிக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்? கமரா பொய் சொல்லாது என்ற பழைய நம்பிக்கை காரணமாக இருக்கலாம். கமரா பொய் சொல்லாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு நான்கு விளிம்புகள் உண்டு. அந்த விளிம்புகளுக்கு வெளியே விடப்பட்டதைப் பற்றி அது வாயே திறக்காது.

இந்தப் படத்தின் விளிம்புக்கு வெளியே இருப்பது என்ன? அந்தத் தாய் கயான் இனத்தவர். படாவுங் என்பது ஷான்கள் அவர்களுக்கு வைத்த பெயர். அவர்களது ஊர் தாய்லாந்தில் இல்லை, பர்மாவின் கயா மாநிலத்தில் இருக்கிறது. பர்மிய இராணுவத்துக்கும் கரென்னி ஆயுதக் குழுக்களுக்கும் நடந்த போரில், 1980களின் பிற்பகுதியிலிருந்து எல்லை கடந்து மே ஹொங் சொன் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். அதாவது அகதிகள். அங்கே அவர்களுக்கென்று சுற்றுலாக் கிராமங்கள் அமைந்தன. வாசலில் வெளிநாட்டவர் 250 பாட் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். சுருள் அணிந்த பெண்ணுக்கே மாதப்படி கிடைத்தது, அணியாதவளுக்கு அது இல்லை. கழுத்து நீள்வதும் இல்லை என்பது அதற்குள் ஒரு சின்னப் பகிடி. பித்தளையின் பாரத்தால் காறை எலும்பும் விலாவும் கீழே அமுங்குகின்றன, அவ்வளவே. சுமை தோளை இறக்குகிறது, பார்ப்பவன் கழுத்து உயர்ந்துவிட்டது என்கிறான்.

2005இல் நியூசிலாந்து இவர்களில் சிலரைக் குடியேற்றுவதற்கு இசைந்தது. பின்லாந்தும் முன்வந்தது. ஆனால் தாய்லாந்து அதிகாரிகள் வெளியேறும் அனுமதியைக் கொடுக்கவில்லை. அவர்கள் முகாமில் வாழவில்லை, கிராமத்தில் வாழ்கிறார்கள், ஆகவே அகதிகள் அல்லர் என்பது சொல்லப்பட்ட நியாயம். 2008இல் ஏறத்தாழ 20 பேரின் கதை வெளியே வந்து, அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகரகம் இதை மனித மிருகக்காட்சிச்சாலை என்ற சொல்லால் கண்டித்த பின்னரே சிலர் நியூசிலாந்து போய்ச்சேர முடிந்தது. அதற்கு முன்பு ஒரு இளம் பெண் எதிர்ப்பாகத் தன் கழுத்துச் சுருளைக் கழற்றியிருந்தார். சுருள் இல்லாத கழுத்தோடு அவரைப் படமெடுக்க எத்தனை உல்லாசப் பயணிகள் 250 பாட் கொடுத்திருப்பார்கள்?

எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் தாய்லாந்து கையெழுத்திடவில்லை, இந்தியாவும் இலங்கையும் இடவில்லை. பாங்கொக்கின் வாடகை அறைகளில் ஐ.நா.வின் கடிதத்துக்காகக் கதவைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தவர்களும், சுவான் புளு குடிவரவுத் தடுப்பிலிருந்தவர்களும் இந்தப் பக்கங்களை வாசிக்கிறார்கள். 2010இல் 492 தமிழர்களோடு கனடாவுக்குப் போன சன் சீ கப்பலும் தாய்லாந்துக் கரையிலிருந்தே புறப்பட்டது. ஒரே நாடு, இரண்டு வகை அகதிகள். பார்க்க அழகாயிருந்த அகதியைக் காட்சிக்கு வைத்தார்கள். பார்க்க ஒன்றுமில்லாத எங்களைப் பூட்டி வைத்தார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது வெளியேற முடியாமை. அது எந்தப் படத்திலும் விழவில்லை.

கழுத்துச் சுருள் பெண்களைக் காட்டிப் பணம் பண்ணுவதும் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1930களில் அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸும் இங்கிலாந்தின் பேட்ரம் மில்ஸ் சர்க்கஸும் இவர்களை 'ஒட்டகச்சிவிங்கிக் கழுத்துப் பெண்கள்' என்று விளம்பரம் செய்து மேடையேற்றின. சர்க்கஸ் பின்னர் சுற்றுலாக் கிராமமாயிற்று. கூடாரம் இப்போது பார்வையாளனின் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது.

சர்க்கஸ் காட்டிய படத்துக்கும் நல்ல புகைப்படக் கலைஞர் எடுத்த படத்துக்கும் வித்தியாசம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கலைஞர் பெண்ணின் மடியில் குழந்தையை வைக்கிறார். குழந்தை வந்தவுடன் காட்சிப்பொருள் தாயாகிறது, தாய் மாதாவாகிறாள். மேற்குலகின் ஓவியப் பழக்கம் அது. மரியாளும் குழந்தையும் என்ற வார்ப்புக்குள் எந்த ஏழைப் பெண்ணையும் ஊற்றலாம். ஊற்றியதும் பார்ப்பவருக்கு மனம் இளகுகிறது. இளகிய மனம் அவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்று கேட்பதில்லை. மாதாவுக்கு ஊர் தேவையில்லை, விசாவும் தேவையில்லை.

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1863இல் கமரா கையில் கிடைத்த பின் வைட் தீவில் தனது வேலைக்காரி மேரி ஹிலியரை மாதாவாக உடுத்திப் பல படங்கள் எடுத்தார். ஊரார் அந்தப் பெண்ணை 'மேரி மடோனா' என்றே அழைத்தார்கள். 1875இல் கமரன் இலங்கைக்கு வந்தார். 1879இல் மலையகத்தில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்த படங்கள் கொஞ்சம்தான். அவற்றிலுள்ள மனிதர்கள் பெயரற்ற உழைப்பாளிகள். ஒன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற வகையில் முடிந்துவிடுகிறது. இங்கிலாந்து வேலைக்காரியின் பெயர் 150 வருடங்கள் கழித்தும் எங்களுக்குத் தெரிகிறது. களுத்துறையில் கமராவுக்கு முன்னால் நின்ற பெண்ணின் பெயர் எங்கே? ஸ்கீன், பிளாட்டே கம்பனிகளின் தபாலட்டைகளில் 'தமிழ்ப் பெண்', 'தேயிலை கொய்பவள்', 'றொடியாப் பெண்' என்று எங்கள் நாட்டுப் பெண்கள் உலகம் முழுக்கத் தபாலில் போனார்கள். கயான் தாய்க்கு முன்பே அந்தக் கதிரையில் எங்கள் பூட்டிமார் இருந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வெள்ளாள வீட்டுப் பெண்களைவிட மலையகப் பெண்களும் றொடியாப் பெண்களுமே இந்த அட்டைகளுக்கு வாய்ப்பாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவரை அனுமதி கேளாமல் படமெடுக்கலாம் என்பதைச் சாதியும் கூலியும்தான் தீர்மானித்தன.

அமெரிக்காவின் மிகப் பிரபலமான தாய்-பிள்ளைப் படம் 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் டொரத்தியா லாங் எடுத்தது. பட்டாணித் தோட்டக் கூலிகளின் கூடாரத்தில், இரண்டு பிள்ளைகள் தோளில் முகம் புதைக்க, கன்னத்தில் கை வைத்தபடி ஒரு பெண். 'புலம்பெயர் தாய்' என்று பெயர் பெற்றது. லாங் ஒரு அரச நிறுவனத்துக்காக வேலை செய்தார். அந்தப் படத்தால் அவருக்குத் தனிச் சொத்து எதுவும் சேரவில்லை. அவர் இரக்கமில்லாதவரும் அல்லர். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைத் தான் கேட்கவில்லை என்று 1960இல் அவரே எழுதினார். பெயர் 1978இல்தான் வெளிவந்தது: புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன். தன்னைப் படமெடுத்திருக்கவே கூடாது என்பதும், அதனால் தனக்கு ஒரு சதமும் வரவில்லை என்பதும் அவருடைய முறைப்பாடு. காரின் சில்லுகளை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங் எழுதியதையும் குடும்பத்தினர் மறுத்தார்கள். 1983இல் அவர் நோயுற்றபோது வைத்தியச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் கையேந்த வேண்டியிருந்தது. 1998இல் அவருடைய முகம் 32 சத முத்திரையாக வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புளோரன்ஸ் செரோக்கி இனத்தவர். ஆனால் வறுமைப்பட்ட வெள்ளை அமெரிக்காவின் முகமாகவே நாடு அவரைப் பார்த்தது. அவருடைய இனம் படத்திலிருந்து காணாமற் போயிற்று. கயான் தாயின் படத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே இனத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. பார்ப்பவர் தன்னைப் போலொருத்தி என்று நினைத்து இரங்க வேண்டுமானால் இனத்தை மறைக்க வேண்டும். தன்னைப் போலில்லாத ஒருத்தி என்று வியக்க வேண்டுமானால் இனத்தை மட்டும் காட்ட வேண்டும். இரண்டையும் தீர்மானிப்பது பார்ப்பவரின் தேவைதான்.

இதற்கு விதிவிலக்கே இல்லையா? நாம் வேலை செய்யும் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஃபோர்ட் வேர்த் நகரம் இருக்கிறது. அங்குள்ள ஏமன் காட்டர் நூதனசாலையில்தான் லோறா கில்பின் என்ற புகைப்படக் கலைஞரின் முழுச் சேகரிப்பும் இருக்கிறது. 1932இல் அவர் எடுத்த ஒரு நவஹோத் தாயும் குழந்தையும் படத்துக்கு 'நவஹோ மடோனா' என்று பெயர் வைத்தார். அதே வார்ப்பு. ஆனால் கில்பின் அதோடு போய்விடவில்லை. அவருடைய தோழி எலிசபெத் ஃபோஸ்டர் நவஹோ மக்களிடையே தாதியாக வேலை செய்தவர். பல வருடங்கள் கழித்து இருவரும் பழைய படங்களை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் அவற்றில் இருந்தவர்களைத் தேடினார்கள். 1968இல் வந்த கில்பினின் நூல் அந்தத் திரும்பிப்போதலின் பலன். வார்ப்பைக் கலைஞரால் முழுதாக உடைக்க முடியவில்லை. ஆனால் படம் எவரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவரிடம் அது திரும்பிப் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. எமக்கு இது முக்கியமாகப் படுகிறது.

ஃபிரிஸ்கோவில் தமிழ் றெஸ்ரோறன்ட் குசினியில் நிற்கும் எங்களுக்கு இந்த விசயம் புத்தகத்தில் மட்டும் வந்ததல்ல. பக்கத்திலுள்ள லூயிஸ்வில்லில் பர்மாவின் சின் இன அகதிகள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். தெற்குச் சின் பகுதிகளில் முகத்தில் பச்சை குத்திய கிழவிகளைப் படமெடுக்க ஆட்கள் போனார்கள். எங்களோடு கோப்பை கழுவும் சின் அக்காவின் ஊரான ஹாக்காவில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் அவர் பர்மா என்று சொன்னவுடன் 'முகத்தில் கோலம் போடுகிற ஆட்களா, கழுத்தில் வளையம் போடுகிற ஆட்களா' என்று கேட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. கேட்டவர்கள் தமிழர்கள்தான்.

ஒரு சனிக்கிழமை பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் அக்கா அவளைக் குசினிக்குக் கூட்டி வந்தார். அரிசி மூட்டையில் தாய் பிள்ளையை மடியில் வைத்துச் சோறு ஊட்டியதை, சாப்பிட வந்த ஒருவர் கதவால் எட்டிப் பார்த்துப் படமெடுத்தார். வெளிச்சம் பக்கவாட்டில் நல்லாய் விழுந்திருந்தது. நல்ல படம்தான். அடுத்த நாள் அது 'எங்கள் குடும்பம்' என்ற தலைப்போடு கடையின் விளம்பரத்தில் வந்தது. அக்காவின் பெயர் இல்லை. அந்தக் குடும்பத்தின் மணித்தியாலச் சம்பளம் எவ்வளவு என்றும் இல்லை. எங்களிடம் கற்ற சொல்லால் அக்கா கேட்டது ஒன்றுதான்: 'தம்பி, எனக்கும் அனுப்பு. அம்மாவுக்கு அனுப்ப வேணும்.' எடுத்தவரிடம் கேட்டோம். அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை.

பிறகு அக்கா தானே எடுப்பித்த படத்தை எங்களுக்குக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வாசல். நெய்த பாவாடையும் மணிமாலையும் அணிந்து நேராக நிற்கிறார். மகளும் அதே நெய்தலில். கால்செருப்பு வரை முழு உருவம். ஒருவரும் சிரிக்கவில்லை. கமராவை நேரே பார்க்கிறார்கள். ஒரு சஞ்சிகையும் இதை அட்டையில் போடாது. ஆனால் எங்களுக்கு அதைப் பார்த்தவுடன் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்கள் ஞாபகம் வந்தன. முதலாம் பிறந்தநாளுக்குப் பிள்ளைக்குக் கறுத்தப் பொட்டு வைத்து, தாய் கூறைச்சேலை உடுத்து, வரைந்த பூந்தோட்டத் திரைக்கு முன் நின்று எடுத்து, வெளிநாட்டிலிருக்கும் தகப்பனுக்குக் கடிதத்தோடு அனுப்பிய படங்கள். அவற்றிலும் கால் வரை தெரியும். அவற்றிலும் சிரிப்பில்லை.

எளிய மக்களுக்குப் படத்தில் ஒரு சொந்த ரசனை இருக்கிறது என்பதை விமர்சகர்கள் ஏற்பதில்லை. அவர்களுக்கு அது விறைப்பாகவும் செயற்கையாகவும் தெரிகிறது. சுருக்கம் விழுந்த முகத்தின் நெருக்கக் காட்சியும், தற்செயலாகக் கலைந்த தலைமுடியும், பாதி அழுகையும் அவர்களுக்குக் கலை. ஆனால் தன்னை உடுத்தி ஒழுங்குபண்ணி நேரே நிற்பவர் ஒன்றைச் சொல்கிறார்: நான் பார்க்கப்படுகிறேன் என்று எனக்குத் தெரியும், இப்படித்தான் பார்க்கப்பட விரும்புகிறேன். திடீரென்று எடுத்த படத்தில் இந்தக் கூற்றுக்கு இடமே இல்லை. அந்தப் படத்தின் 'இயல்பு' என்பது பல வேளைகளில் எடுக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமை மட்டுமே.

அப்படியானால் படமே எடுக்கக்கூடாதா? அப்படிச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. 2008இல் கயான் கிராமங்களைப் புறக்கணியுங்கள் என்ற குரல் எழுந்தபோது, அந்தக் காசில்தான் வீட்டில் அரிசி வேகிறது என்று சொன்ன பெண்கள் அங்கே இருந்தார்கள். 2020இல் கொரோனாவால் பயணிகள் வராமற் போனபோது அந்த வீடுகளுக்கு விடுதலை வரவில்லை, வருமானமின்மைதான் வந்தது. 2021 பெப்ரவரி இராணுவச் சதிக்குப் பின் கயா மாநிலத்தில் மீண்டும் பெரும் போர். ஊருக்குத் திரும்பிப் போ என்று சொல்லவும் முடியாது. வெளியே நின்று அறம் பேசுவது எளிது. உள்ளே இருப்பவளுக்கு அது நாளைய சாப்பாடு.

எங்கள் சொந்தக் கதை இன்னும் சிக்கலானது. 2009இல் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் குழந்தையை அணைத்தபடி இருந்த தாய்மாரின் படங்கள் இல்லாவிட்டால், அங்கே நடந்ததை ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். படமிருந்தும் பலர் நம்பவில்லை. அதே ஆண்டில் மெனிக் பாமை உள்ளிட்ட முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டிருந்தபோது, முட்கம்பியின் பின்னால் பிள்ளையோடு நின்ற தாய் உலகப் பத்திரிகைகளின் படமானாள். சாட்சியத்துக்கும் காட்சிக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. சாட்சியத்தில் ஒரு இடம், ஒரு நாள், முடிந்தால் ஒரு பெயர் இருக்கும். இவை உதிர்ந்து போகும்போது அது காட்சியாகிவிடுகிறது. இன்று எங்கள் இணையச் சுவர்களில் வருடந்தோறும் மே மாதம் சுற்றிவரும் தாய்-பிள்ளைப் படங்களில் எத்தனைக்கு இடமும் நாளும் இருக்கின்றன? பெயர் தெரிந்தால் ஆபத்து என்ற காலம் உண்டு, அந்த நியாயத்தை மதிக்கிறோம். ஆனால் பெயரை மறைப்பது வேறு, பெயரைக் கேளாமலே விடுவது வேறு.

இந்த இடத்தில் கிளிநொச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 பெப்ரவரி 20இல் கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கிற்று. சில நாட்களில் வவுனியாவிலும் தொடங்கிற்று. வருடக்கணக்காக இருந்தார்கள், பதிலறியாமலே இறந்துபோன பெற்றோர் பலர். அங்கேயும் தாயும் பிள்ளையும் படத்தில் இருக்கிறார்கள். ஆனால் மடியில் பிள்ளை இல்லை. தாயின் கையில் பிள்ளையின் படம் இருக்கிறது: அடையாள அட்டைக்கு எடுத்தது, பள்ளிக்கூடத்தில் எடுத்தது, பிறந்தநாளுக்கு ஸ்ரூடியோவில் எடுத்தது. அந்த விறைப்பான, நேரே பார்க்கும், ரசனையற்றதென்று தள்ளப்பட்ட படங்கள்தான் இப்போது வழக்கின் ஆவணம். அதன் கீழே பெயரும் காணாமற் போன திகதியும் தாயின் கையாலேயே எழுதப்பட்டிருக்கின்றன. கமராவைக் கண்டால் அவர் படத்தை உயர்த்திப் பிடிக்கிறார். எதை எடுக்க வேண்டும் என்று எடுப்பவருக்குச் சொல்பவர் அவர்தான். மேலே பார்த்த மடோனாக்களில் எவருக்கும் கிடைக்காத இடம் அது. எவ்வளவு விலை கொடுத்து அந்த இடத்துக்கு வந்தார் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே தாயும் குழந்தையும் உள்ள எந்தப் படத்தையும் மூன்று கேள்விகளால் மதிப்பிடலாம் என்று கருதுகிறோம். எடுக்கப்பட்டவருக்கு மறுக்க வழி இருந்ததா? அவரது பெயரும் இடமும் கேட்கப்பட்டனவா? படம் அவரிடம் திரும்பிப் போனதா? ஒளியும் கோணமும் அழகும் இவற்றுக்குப் பிறகு பேச வேண்டியவை. இந்தக் கேள்விகளைத் தேசியப் பெருமை கொண்ட வெளிநாட்டுச் சஞ்சிகைகளிடம் மட்டும் கேட்டால் அது நேர்மையாகாது. விடுமுறைக்குத் தாய்லாந்து போய்க் கயான் பெண்ணோடு நின்று படமெடுத்துப் போடும் எங்கள் டலஸ், ரொறன்ரோ உறவுகளிடமும் கேட்க வேண்டும். நிதி சேர்க்கும் துண்டுப்பிரசுரத்தில் வன்னித் தாயின் முகத்தை அச்சிடும் எங்கள் அமைப்புகளிடமும் கேட்க வேண்டும். புலம்பெயர் சிற்றேடுகளின் அட்டைகளும் தப்ப முடியாது. 'அட்டைப்படம்: நன்றி இணையம்' என்று எத்தனை இதழ்களில் பார்த்துவிட்டோம்? இணையத்துக்கு நன்றி சொல்லத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரையோடு சின் அக்காவின் தேவாலய வாசல் படத்தையும் அனுப்பலாமா என்று அவரிடம் கேட்டோம். என்ன பத்திரிகை, எவர் வாசிப்பார்கள், எந்த மொழி என்று விசாரித்தார். தமிழ் என்றதும் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார். காரணம் கேட்கவில்லை. எனவே இந்தப் பக்கங்கள் படமில்லாமலே வருகின்றன.